இரண்டரை நிமிடத்தில் எதை விடுவது?

பிள்ளைகள் குழுவாக லெகோ ரோபோ கட்டி, லெகோ மாதிரிகள் வைத்த விரிப்பில் மேசைமேல் ஓட்டிப் பணிகளை முடிக்கும் போட்டி ஃபர்ஸ்ட் லெகோ லீக். அதற்கு முதன்முறை பெயர் கொடுக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களோடு நிற்கிற ஆசிரியர்களுக்கும், பெற்றோருக்கும் இது உதவும் என்று நினைக்கிறேன். 2024-25 பருவத்தில் தக்கலையில் ஒரு குழுவுக்கு வழிகாட்டியாக இருந்தேன். அந்த ஆண்டின் தலைப்பு 'சப்மெர்ஜ்ட்', கடலுக்கடியில் ஆய்வு. கடற்கரை ஊர்களான குளச்சலிலிருந்தும் குறும்பனையிலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைகள் இருந்த குழு என்பதால் தலைப்பைக் கேட்டதுமே உற்சாகம் வந்துவிட்டது.

விதிப்புத்தகத்தை எல்லோரும் உட்கார்ந்து சத்தமாக வாசித்தோம். ரோபோ ஓட 2 நிமிடம் 30 நொடி. மூன்று சுற்றில் எது உயர்ந்த மதிப்பெண்ணோ அது மட்டும் கணக்கு. ஆனால் ரோபோ ஆட்டம் மொத்தத்தில் கால் பங்குதான். ரோபோ வடிவமைப்பு, புதுமைத் திட்டம், குழுவாக நடந்துகொள்ளும் விதம் ஆகிய மூன்றுக்கும் ஆளுக்கொரு கால் பங்கு. எல்லா மாலையையும் மேசையிலேயே கழிக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

அடுத்தது, எந்தெந்தப் பணிகளை எடுப்பது. இங்கேதான் சண்டை. திமிங்கல மாதிரியின் வாயில் கிரில்லை (இறால் போன்ற சின்ன உயிரி) போட்டால் ஒன்றுக்கு 10 மதிப்பெண், ஐந்துக்கு 50.

"அம்பது கிடைக்கும்லா அக்கா, அத எப்பிடி விட முடியும்?" என்றான் ஒருவன்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அந்த ஐந்தும் விரிப்பில் அங்கங்கே சிதறிக் கிடக்கும். உடைந்த கப்பலையோ பாருங்கள்: தூண்டில் மீனை உள்ளே மாட்டினால் 30, பாய்மரத்தை முழுக்க நிமிர்த்தினால் 30. ஒரே இடத்துக்கு ஒரே ஓட்டம் (தொடக்க இடத்திலிருந்து போய்த் திரும்புவது ஒரு ஓட்டம்), 60. அதனால் ஒவ்வொரு பணிக்கும் மதிப்பெண், பிடிக்கும் நொடி, அதற்காக ரோபோவில் மாட்ட வேண்டிய இணைப்பு, பத்து ஓட்டத்தில் எத்தனை தேறும் என்று நான்கு கட்டம் போட்டு பிள்ளைகளையே நிரப்பச் சொன்னேன். பத்துக்கு எட்டு தேறாத பணி, எவ்வளவு மதிப்பெண் என்றாலும் கடைசி ஓட்டத்துக்குப் போய்விடும். கிரில் அங்கே போனது. கேட்ட பையனே தன் கையால் எழுதிப் போட்டான். அட்டவணையைப் பெரியவர்கள் நிரப்பிக் கொடுத்திருந்தால் அவன் ஒத்துக்கொண்டிருக்க மாட்டான்.

நொடி எங்கே போகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தோம். ஓடும் நேரத்தைவிட இணைப்பைக் கழற்றி மாட்டும் நேரம் அதிகம். கடிகாரம் அப்போதும் நிற்காது. லெகோ ஊசிகளைக் குத்தி மாட்டுவதை விட்டுவிட்டு, மேலிருந்து அப்படியே இறக்கி வைத்தால் பற்சக்கரம் கவ்விக்கொள்வதுபோல எல்லா இணைப்பையும் திருப்பிக் கட்டினோம். நான்கு மோட்டாருக்கு மேல் கூடாது. இரண்டு சக்கரத்துக்கு, இரண்டு இணைப்புக்கு. புரோகிராம் பக்கமே வராத ஒரு பிள்ளைக்குக் கை வேகம் அபாரம். மாட்டுகிற பொறுப்பு அவளுடையது ஆனது.

துல்லியத் தட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கையில் ஆறு சிவப்புத் தட்டு இருக்கும். ரோபோ தொடக்க இடத்துக்கு வெளியே ஓடும்போது அதில் கையை வைத்தால் ஒரு தட்டு போகும். கடைசியில் ஆறு மிஞ்சினாலும் ஐந்து மிஞ்சினாலும் 50 மதிப்பெண். நான்கானால் 35, மூன்றானால் 25. அதாவது முதல் தொடுதலுக்கு நட்டமே இல்லை, இரண்டாவதில் 15 போகும். ஆகவே அந்த ஒரு தொடுதலை எந்த ஓட்டத்துக்கு ஒதுக்குவது, எந்த நொடிக்குமேல் காத்திருக்காமல் ரோபோவைத் தூக்குவது, தூக்கச் சொல்வது யார் என்று முன்கூட்டியே பேசிவைத்தோம். மேசையருகே நின்று யோசிக்க நேரம் கிடைக்காது.

புதுமைத் திட்டத்துக்குப் பிள்ளைகள் எடுத்தது சிப்பி எடுக்க மூச்சுப் பிடித்து மூழ்குகிறவர்களின் பாதுகாப்பு. இடுப்பில் கயிறு கட்டி, இழுத்தால் மேலே மிதவை எழும்புகிற மாதிரி ஒன்று செய்து குறும்பனையில் ஒரு பெரியவரிடம் கொண்டு காட்டினார்கள். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாறையில கயிறு சுத்திக்கிட்டா அதுவே ஆளக் கொன்னுரும் மக்ளே."

கயிறு அன்றோடு போனது. பிடித்து இழுத்தால் கழன்று தானே மேலே வரும் சின்ன மிதவையாக அது மாறியது. நடுவர் அறையில் "இதை ஏன் மாற்றினீர்கள்?" என்ற கேள்விக்கு நான்கு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொல்லப் பாய்ந்தார்கள். தலைப்பு வந்த உடனேயே தொழில் தெரிந்தவரைப் போய்ப் பாருங்கள், திருத்த நேரம் மிஞ்சும்.

போட்டிக்கு முந்தின வாரம் புதிதாக எதுவும் கட்டவில்லை. முழு சார்ஜ், புறப்படுமுன் கைரோவை (ரோபோ திரும்பும் கோணத்தை அளக்கும் சென்சார்) பூஜ்யமாக்குவது, ரோபோவை ஒரே கோணத்தில் வைக்க ஒரு அச்சுக்கட்டை, இவ்வளவுதான் பயிற்சி. மூன்று சுற்றிலும் கப்பல் பணிகள் இரண்டும் தேறின. மூன்றாம் சுற்றில் நேரம் மிஞ்சியதால் கிரில் ஓட்டத்தையும் ஓட்டிப் பார்த்தார்கள். இரண்டு உள்ளே விழுந்தன. ஆட்டத்தில் நடுவரிசையில் நின்றோம், திட்டத்துக்குப் பரிசு கிடைத்தது.

விரிப்பும் மாதிரிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும், மேசை மாறாது. ஆசாரியிடம் சொல்லி ரப்பர் மரச் சட்டம் அடித்த எங்கள் மேசை தக்கலையில்தான் கிடக்கிறது. பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் தாராளமாக வந்து ஓட்டிப் பார்க்கலாம்.