ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழி

காவல்கிணற்றிலிருந்து ஆரல்வாய்மொழி வரை தூரம் என்று பார்த்தால் ஒன்றுமில்லை. தை, மாசியில் என்றால் ஒரு டீ குடித்த தெம்பிலேயே சைக்கிளில் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆடியில் அது நடக்காது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி நிற்க, இந்த ஆரல்வாய்மொழிக் கணவாயில் வழி கிடைத்து மொத்தமாகப் பாய்ந்து வருகிறது. வழியில் இருக்கும் முப்பந்தலைச் சுற்றி சுமார் 1,500 மெகாவாட்டுக்குக் காற்றாலைகள் நட்டிருப்பது சும்மா இல்லை.

நாகர்கோவில் நண்பர்கள் அந்தப் பக்கமிருந்து கிளம்பிப் பறந்து வந்துவிட்டு, திரும்பும்போது சைக்கிளை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. உடம்பில் தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றை முடித்துவிட வேண்டும். அதனால் கிழக்கிலிருந்து மேற்கே.

கிளம்பும் முன் டீக்கடை அண்ணாச்சியிடம், "காத்து கொஞ்சம் கொறயுமா?" என்று கேட்டேன். "கொறயும் தம்பி, ஐப்பசில" என்றார்.

நான்குவழிச் சாலையில் ஏறியதும் வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு வந்துவிட்டது. எதிரே காற்று முப்பதில் வீசினால் நம் மேல் மோதுவது நாற்பது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், காற்றில்லாத நாளைவிடப் பதினாறு மடங்கு. மேடு என்றால் உச்சி எங்கே என்று கண்ணுக்குத் தெரியும், ஏறி முடித்தால் இறக்கமும் உண்டு. இங்கே சமதரையில், சின்ன கியரில், தலையைக் குனிந்துகொண்டு முன் டயரையே பார்த்து மிதிக்க வேண்டியதுதான். காதில் இரைச்சல் ஓயவே இல்லை. நெதர்லாந்தில் இதற்கென்றே, கடல் தடுப்பணை மேல் 8.5 கிலோமீட்டர், கியர் இல்லாத சைக்கிளில் போட்டி வைக்கிறார்கள். காற்று பலமாக வீசினால்தான் போட்டியே நடக்குமாம்!

எதிர்காற்றாவது நேர்மையானது. பயமுறுத்துவது பக்கக் காற்று. சாலை லேசாக வளையும் இடத்தில் காற்று வலது பக்கமிருந்து வந்தது. விழாமலிருக்க நாமும் வலப்பக்கம் சாய்ந்தே ஓட்டுகிறோம். அப்போது ஒரு லாரி முந்துகிறது. காற்று சட்டென்று நின்றுபோக, சாய்ந்த சைக்கிள் லாரியின் பக்கமே இழுக்கிறது. லாரி கடந்ததும் காற்று மறுபடி வந்து அறைந்து, சாலையோரச் சரளையில் தள்ளுகிறது. ஹாண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் ஆட்டம் கூடுமே தவிரக் குறையாது. முழங்கையைத் தளர்த்தி, வெள்ளைக்கோட்டுக்கு நன்றாக இடப்பக்கம் தள்ளியே போவதுதான் வழி. பின்னால் லாரிச் சத்தம் காதில் விழாது என்பதால் ஹாண்டில்பாரில் சின்னக் கண்ணாடி ஒன்று அவசியம்.

முப்பந்தல் இசக்கியம்மன் கோவில் முன்னால் இறங்கி ஒரு கும்பிடு. தலைக்கு மேலே காற்றாடி இறக்கைகள் 'ஹும்ம்... ஹும்ம்...' என்று சுற்றிக்கொண்டிருந்தன. ஆரல்வாய்மொழியில் நாலு இட்லி. அப்புறம் திரும்பினேன்.

திரும்பியதும் சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. முப்பதுக்கு மேல் போகிறேன், காதில் செயின் ஓடும் ஒலி கேட்கிறது. காற்றும் நம் வேகத்திலேயே கூட வருவதால் முகத்தில் துளிக் காற்றில்லை. வரும்போது காய்ந்தே இருந்த சட்டை, போகும்போது வியர்வையில் தொப்பலாக நனைந்துவிட்டது. காவல்கிணறு சந்திப்புக்கு ரொம்ப முன்பே பிரேக் பிடிக்க ஆரம்பித்துவிடுங்கள். காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். மார்கழி வாக்கில் போகிறவர்கள் இதையெல்லாம் திருப்பிப் போட்டுக்கொள்ளவும். அப்போது வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து வரும்.