திதி இல்லாத தம்பி

2025 ஏப்ரல் 8, செவ்வாய். விசுவமடு

நேற்று அம்மாவின் ஆட்டைத் திவசம், முதல் வருடத் திதி, முடிந்தது. ஐயர் போய், சொந்தங்களும் சாப்பிட்டு எழும்பிப் போன பிறகு கிணற்றடியில் பெரிய சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். போர் முடிந்து எங்களை அடைத்து வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து ஊர் திரும்பியதும் அம்மா முதலில் வாங்கிய சட்டி அது. விளிம்பில் தன் பெயரின் முதலெழுத்தை ஆணியால் கீறி வைத்திருந்தார். அதில் விரல் பட்டதும் அப்படியே இருந்துவிட்டேன். செத்தவீட்டில்கூட நான் அவ்வளவு அழவில்லை.

மாமி வந்து தலையைத் தடவினார். "வருசம் திரும்பிட்டுது பிள்ளை, இனி அழக்கூடாது" என்றார். அன்பில்தான் சொன்னார். ஆனால் எனக்கு இப்போதுதான் தொடங்குகிறது போலிருக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். எட்டுச்செலவு, அந்தியேட்டி, பிறகு மாதா மாதம் மாசியம். ஒரு வருடமாக அம்மாவுக்குச் செய்ய ஏதாவது ஒரு வேலை இருந்தது. காய்கறி வாங்கவேண்டும், இலை வெட்டவேண்டும், ஆட்களுக்குச் சொல்லவேண்டும். இன்று காலை எழும்பினால் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லை.

2025 ஏப்ரல் 19, சனி

விடியப்புறம் மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. பதினொரு நாளாக இப்படித்தான். மகள் சொன்னாள்: "அம்மா, சொதிக்கு மூன்று தரம் உப்புப் போட்டீங்கள்." பதினான்கு வயதுப் பிள்ளை. அவள் சிரிக்காமல் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என்னை அவள் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போவதென்று முடிவெடுத்தேன். அங்கே உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார். இத்தனை வருடமாக அஸ்வெசும என்ற அரசாங்க உதவிப்பணம், காணி அலுவல் என்று அந்த வாசலால் எத்தனையோ தரம் போய் வந்திருக்கிறேன். அந்த அறைக்குள் போனதில்லை. யாராவது கண்டால் "அவளுக்கு மனம் சரியில்லையாம்" என்று கதை வரும். வரட்டும்.

2025 ஏப்ரல் 28, திங்கள்

இன்றைக்கு இரண்டாவது தரம். போன கிழமை அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கோ." அரைமணித்தியாலம் கதைத்தேன். கடைசியில் பார்த்தால் நான் கதைத்தது முழுக்கத் தம்பியைப் பற்றி.

தம்பியை நாங்கள் கடைசியாகக் கண்டது போர் முடிந்த நேரம், 2009 மே 18, வட்டுவாகல். அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது. அம்மா அவன் செத்துவிட்டான் என்று ஒருநாளும் சொன்னதில்லை, சொல்ல விட்டதுமில்லை. 2017 பெப்ரவரி 20 கிளிநொச்சி கந்தசாமி கோவில் முன்பாகக் காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டுத் தாய்மார் பந்தல் போட்டு இருக்கத் தொடங்கியபோது அம்மாவும் போனார். மழை வெயில் பார்க்காமல் பஸ் ஏறிப் போய் வந்தார். அந்தப் பந்தலிலிருந்து ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அம்மாவும் அப்படித்தான், மகனின் படத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

2016இல் ஒரு சட்டம் வந்தது. மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாத குடும்பங்கள், ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழை எடுக்கலாம். அம்மா அதையும் வாங்கவில்லை. "ஆள் இல்லை எண்டு எழுதின கடதாசி எனக்கு எதுக்கு? ஆளைத் தரச் சொல்லு."

உத்தியோகத்தர் சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். போலீன் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில், போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களோடு கதைத்து இதற்கொரு பெயர் வைத்தாராம். தமிழில் தெளிவற்ற இழப்பு என்று சொல்லலாம். ஆள் இல்லை, ஆனால் இல்லை என்று உறுதியுமில்லை. செத்தவீடு இல்லை, எட்டு இல்லை, திதி இல்லை. அழுதால் அவனைக் கொன்றது போல இருக்கும், அழாவிட்டால் மறந்தது போல இருக்கும். இதில் முடங்கிப்போவது மனப் பலவீனம் இல்லை, அந்த இழப்பின் குணமே அது என்றார். பதினாறு வருடமாக எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை.

இன்னொன்றும் கேட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் அழுதால் வருத்தமா? அதற்கு அளவு இருக்கிறதாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியலில் நீடித்த துயர் என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள், அதற்கு ஆறு மாதக் கணக்கு. அமெரிக்க உளமருத்துவர்களின் நோய்க் கையேட்டின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பில் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம். ஆனால் நாளை மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தச் சமூகத்தின் வழக்கத்தையும் தாண்டி, அன்றாட வாழ்க்கையே நின்றுபோகிறதா என்று பார்க்கவேண்டும். எனக்கு நிற்கவில்லை, தடக்குகிறது. "நித்திரை இன்னும் இரண்டு கிழமைக்குள் சரிவராவிட்டால் மனநலப் பிரிவுக்குக் கடிதம் தாறன்" என்றார். சரி என்று வந்தேன்.

தம்பிக்கு எந்த நாளிலிருந்து மாதத்தை எண்ணுவது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

2025 மே 5, திங்கள்

இன்று என்னைப் பற்றி எழுத இல்லை.

பக்கத்து வளவு அக்காவின் மனுசன் மாசியில் ஏ9 வீதியில் விபத்தில் போனார். எட்டுச்செலவு மட்டும் வீடு நிறைய ஆட்கள். பிறகு ஒருவரையும் காணோம். நானும் என் பாட்டில் இருந்துவிட்டேன். நேற்றுப் பின்னேரம் இடியப்பம் கொண்டு போனேன். அக்கா விளக்குக் கொளுத்தாமல் இருட்டுக்குள் இருந்தார். "விடியேக்க எழும்பாமல் போனால் நல்லம் தங்கச்சி" என்றார்.

முன்பென்றால் "அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா, பிள்ளையளைப் பாருங்கோ" என்று வாயை மூடியிருப்பேன். நேற்று நேராகக் கேட்டேன்: "அக்கா, சாகவேணும் எண்டு நினைக்கிறீங்களோ?" கேட்கும்போது என் நெஞ்சு அடித்துக்கொண்டது. கேட்டால் அந்த எண்ணத்தை நாங்களே ஊட்டிவிடுவோம் என்று நாங்கள் பயப்படுகிறோம். அப்படி இல்லை. கேட்டதும்தான் அக்கா வாய் திறந்தார். சில இரவுகளில் அப்படி வருகிறதாம். ஒருவரிடமும் சொல்லவில்லையாம்.

இரவு அங்கேயே பாயில் படுத்தேன். என் மனுசன் வந்து, வயலுக்கென்று அவர்கள் வாங்கி வைத்திருந்த மருந்துப் போத்தல்களை எல்லாம் எடுத்துப் போய் எங்கள் கொட்டிலில் பூட்டினார். ஒரு வார்த்தை கேட்கவில்லை அவர். இந்த நாட்டில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்த பிறகு தற்கொலைச் சாவுகள் பாதிக்கும் மேல் குறைந்தன. அந்தப் பொல்லாத நேரத்தில் கைக்கெட்டாமல் இருந்தால் பலர் தப்பிவிடுகிறார்கள் என்பதுதான் காரணம்.

அக்காவும் நானும் 1926க்கு எடுத்தோம். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். காலையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மருந்தும் அடுத்த கிளினிக் திகதியும் கொடுத்திருக்கிறார்கள். இனி ஒவ்வொரு பின்னேரமும் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தேத்தண்ணி குடிப்பது. இதை வாசிக்கிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: எட்டுச்செலவுக்குப் போகாவிட்டாலும் பரவாயில்லை, நாற்பதாம் நாள் போங்கள், நூறாம் நாள் போங்கள்.

2025 மே 12, திங்கள்

இன்று சித்திராப் பௌர்ணமி. தாயில்லாதவர்களின் விரதம். அம்மாவுக்காக நான் பிடிக்கிற முதல் விரதம். கோவிலில் சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்த்தார்கள்.

திரும்பி வரும் வழியில் சந்தியில் இன்னொரு கஞ்சி. போரின் கடைசியில் செத்தவர்களை நினைக்கிற முள்ளிவாய்க்கால் கிழமை இன்றுதான் தொடங்குகிறது. அரிசி, தண்ணீர், உப்பு, வேறொன்றுமில்லை. அந்தப் போர்க்காலத்தில் மாத்தளனிலும் வலைஞர்மடத்திலும் அந்தக் கஞ்சிக்கு வரிசையில் நின்றவள் நான். சிரட்டையில் வாங்கி, ஒரு வாய்தான் குடித்தேன், தொண்டையால் இறங்கவில்லை. அக்கா பக்கத்தில் நின்றார். "இருந்து குடிப்பம்" என்று மதகில் இருத்தினார். போன கிழமை நான் பிடித்த கை அது.

உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 2010இலேயே வன்னியைப் பற்றி எழுதினார். இங்கே காயப்பட்டது தனித்தனி மனங்கள் மட்டுமல்ல, குடும்பமும் ஊருமே உடைந்துபோயின, ஆறுவதும் சேர்ந்துதான் என்பது அவர் சொன்ன விசயம். எனக்கு அது மதகில் இருந்தபோதுதான் விளங்கியது.

2025 மே 18, ஞாயிறு

முள்ளிவாய்க்காலுக்குப் போனோம். பெரியம்மாவுக்கும் அவருடைய இரண்டு பேரப்பிள்ளைகளுக்கும் சுடர் ஏற்றினேன். அவர்கள் செத்ததை நான் கண்ணால் கண்டேன்.

மகள் கேட்டாள்: "மாமாவுக்கு?"

அம்மா இருக்கும்வரை இந்த இடத்தில் தம்பிக்கு விளக்கு இல்லை. உத்தியோகத்தரிடம் இதைக் கேட்டிருந்தேன். "முடிவெடுத்தே ஆகவேணும் எண்டு இல்லை. அவர் வரலாம், வராமலும் போகலாம். இரண்டையும் ஒரே மனதில் வைத்திருக்கலாம்" என்றார். அதனால் மகளிடம் ஒளிக்காமல் சொன்னேன்: "மாமா இருக்கிறாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. அதனால இஞ்ச ஏத்தேல்ல. அவருக்கு வேற ஒரு நாள் செய்வம்." அவள் தலையாட்டினாள். நந்திக்கடல் பக்கமிருந்து காற்று வந்து சுடரை அணைக்கப் பார்த்தது, பிள்ளை கையால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

2025 ஜூன் 3, செவ்வாய்

தம்பியின் பிறந்தநாள். முப்பத்தாறு வயது அல்லது பத்தொன்பது.

குரக்கன் புட்டும் கணவாய்க் கறியும் சமைத்தேன், அம்மாவின் சட்டியில். அக்காவும் பிள்ளைகளும் வந்தார்கள். படத்துக்கு மாலை போடவில்லை, விளக்கும் வைக்கவில்லை. கதை மட்டும் சொன்னேன். அவன் கணக்குப் பாடத்துக்குக் கள்ளம் அடித்துக் குளத்தில் நீந்தியது. அம்மாவின் கோழிமுட்டையை விற்றுப் பந்து வாங்கியது. உடையார்கட்டு வீதியில் இரண்டு கையையும் விட்டுச் சைக்கிள் ஓடி அம்மாவிடம் பூவரசந்தடியால் வாங்கியது. அக்கா சிரித்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டுதான், ஆனாலும் சிரித்தார்.

மூன்று மணி விழிப்பு இப்போதும் கிழமைக்கு இரண்டு தரம் வருகிறது.

கதை முடிந்ததும் மகள் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒழுங்கைக்குள் சைக்கிள் மணிச் சத்தம். எட்டிப் பார்த்தால் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு வருகிறாள்.

"கையைப் பிடியடி!" என்று கத்தினேன். அம்மாவின் குரல்தான் வந்தது.