பயப்படேன்

எங்கள் கிறிஸ்தவ சபை பெரம்பூரில் இருக்கிறது. போன வருடம் ஜூன் மாதம் ஐயர் (எங்கள் போதகர்) கூப்பிட்டு, "ஞாயிறு பள்ளியை இனிமே நீங்கதான் பார்த்துக்கணும்" என்றார். சூப்பரின்டென்டன்ட் என்றால் மணி அடிப்பது, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுவது, காணிக்கையை எண்ணிப் பொருளாளரிடம் கொடுப்பது, அவ்வளவுதானே என்று தலையாட்டிவிட்டேன்.

முதல் தலைவலி ஆசிரியர்கள். ஏழு பேரில் நாலு பேர் கல்லூரிப் பிள்ளைகள். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு "நாளைக்கு வர முடியலண்ணா, செமஸ்டர்" என்று வாட்ஸ்அப் வரும். வகுப்புக்கு இரண்டு பேர் என்று மாற்றினேன். ஆள் பிடிக்க இரண்டு மாதம் ஆனது. அந்தக் கதை வேண்டாம்.

ஆகஸ்டில் மனப்பாட வசனத் தேர்வு வைத்தோம். பைபிளில் 23-ஆம் சங்கீதம், ஆறே வசனம். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு, கணீரென்று, "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடைவேன்" என்றான். சிரிப்பை அடக்கிக்கொண்டு திருத்தினேன். அடுத்து வந்தவளும் அடைவேன். அதற்கடுத்தவனும். அவன் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க வராது என்பதால் அவன் அம்மா ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் 'அடையேன்' என்று சரியாகத்தான் இருந்தது. பையன் தானே திருத்திக்கொண்டிருக்கிறான்!

அவன் பக்கமும் நியாயம் இருந்தது. நாம் சபைகளில் வாசிப்பது 1871-இல் வந்த பைபிள் மொழிபெயர்ப்பு. அந்தத் தமிழில் 'அடையேன்' என்றால் அடைய மாட்டேன். வீட்டில் இந்தப் பிள்ளைகள் கேட்பது "கொஞ்சம் வாயேன்", "சொல்லேன்" மட்டும்தான். ஒரு சின்னப் பெண் கேட்டாள்: "அண்ணா, பொல்லாப்புக்குப் பயப்படேன்னு தாவீது யார்கிட்ட சொல்றாரு?" சங்கீதத்தைப் பாடிய தாவீது யாரையோ பயப்படச் சொல்லிக் கெஞ்சுகிறார் என்று நினைத்திருக்கிறாள். அவளுக்குப் பாடம் எடுத்த அக்காவுக்கும் சட்டென்று பதில் வரவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான். ஐம்பது வருடமாக ஒப்பித்துக்கொண்டிருக்கிறேன், நின்று யோசித்ததில்லை.

சபை கமிட்டியில் இதைச் சொன்னதும், எளிய தமிழ் மொழிபெயர்ப்புக்கு மாறிவிடலாம் என்றார் ஒருவர். "எங்க காலத்துல புரிஞ்சா படிச்சோம்?" என்று பெரியவர் ஒருவர் கோபித்துக்கொண்டார். கோபம் ஒருபக்கம் இருக்கட்டும், அவர் சொன்னதில் ஒரு விஷயம் உண்டு. பீடத்தில் வாசிப்பதும் வீட்டு ஜெபத்தில் பாட்டி சொல்வதும் பழைய வசனம்தான். பிள்ளை மட்டும் வேறு வசனம் படித்தால் இரண்டிலும் ஒட்டாது. அதனால் வசனம் பழையபடி, விளக்கம் வீட்டுத் தமிழில் என்று முடிவானது.

அப்புறம் செய்த பெரிய மாற்றம் சனிக்கிழமை ஆயத்தக் கூடுகை. மாலை ஆறிலிருந்து ஏழு வரை, டீயும் சமோசாவும் என் செலவு. (சமோசா இல்லாத வாரம் இரண்டு பேர் குறைவார்கள்.) அடுத்த நாள் பாடத்தை எல்லோரும் சத்தமாக வாசிப்போம். பிள்ளை எங்கே தடுக்குவான் என்று தோன்றுகிறதோ அங்கே பென்சிலால் கோடு. வகுப்பையும் வயதை வைத்துப் பிரிப்பதை விட்டுவிட்டு, தமிழ் வாசிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்று பிரித்துப் பார்த்தோம். ஏழாம் வகுப்புப் பையன்கள் மூன்றாம் வகுப்போடு உட்கார வெட்கப்பட்டு வராமலே நின்றுவிட்டார்கள். மூன்றே வாரத்தில் பழையபடி மாற்றினேன். வாசிப்புக்கு மட்டும் கடைசிப் பதினைந்து நிமிடம் தனியாக வைத்திருக்கிறோம். சுமாராகப் போகிறது.

மே மாத வி.பி.எஸ்.ஸுக்கு (விடுமுறை வேதாகமப் பள்ளி) 121-ஆம் சங்கீதம் என்று சொல்லியிருக்கிறேன். எட்டே வசனம், சுலபம் என்றார்கள் ஆசிரியர்கள். போன சனிக்கிழமை உட்கார்ந்து வாசித்தோம். மூன்றாம் வசனத்திலேயே 'தள்ளாடவொட்டார்', பின்னாலேயே 'உறங்கார்'. ஒரு அக்கா பேசாமல் பென்சிலை எடுத்தாள்.