18 செ.மீ. உயரத்தில் சிக்கிய நடைபாலம்

ஓடையின் குறுக்கே 12 மீட்டர் நீளத்தில் ஒரு நடைபாலம், இரு கரைகளிலிருந்தும் அதை வந்தடையும் நடைபாதை. எங்களுக்கு வந்த பணி இவ்வளவுதான். மண் பரிசோதனை, அடித்தளம், கம்பி கட்டுதல், கான்கிரீட் என எதிலும் பெரிய தடை ஏற்படவில்லை; கான்கிரீட்டின் வலிமையைப் பார்க்கும் 28 நாள் கனசதுரச் சோதனையும் முதல் முறையிலேயே தேறியது. இருந்தும் நான்கு மாத வேலை ஏழு மாதம் இழுத்தது. பாலத்தின் வரைபடம் ஒரு பிரிவிலும் நடைபாதையின் வரைபடம் வேறொரு பிரிவிலும் இருந்ததே இத்தனைக்கும் காரணம்.

முதல் முறை கோப்பு திரும்பியது என் பிழையால். மட்டங்கள் எந்தப் பெஞ்ச் மார்க்கிலிருந்து (உயரம் தெரிந்த நிலையான குறியிலிருந்து) எடுக்கப்பட்டன என்பதை வரைபடத்தில் குறிப்பிட மறந்திருந்தேன். ஆனால் அந்த ஒரு வரி இல்லை என்று சொல்வதற்கு அலுவலகம் மூன்று வாரம் எடுத்துக்கொண்டது. இடையில் இரண்டு முறை நேரில் சென்றும், "பரிசீலனையில் இருக்கிறது" என்பதற்கு மேல் எழுத்தரிடமிருந்து ஒரு சொல்கூடப் பெற முடியவில்லை. பெஞ்ச் மார்க்கின் இடத்தையும் மட்டத்தையும் ஒவ்வொரு தாளிலும் எழுதிவிடுங்கள். முதல் தாளில் மட்டும் எழுதினால் போதாது.

அடுத்து, மக்கள் நடக்கும்போது பாலம் அதிருமா என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. அது நியாயமான கேள்வி. லண்டனில் 2000 ஜூன் மாதம் திறக்கப்பட்ட மில்லேனியம் நடைபாலம், நடப்பவர்களின் காலடியால் பக்கவாட்டில் ஆடியதால் இரண்டே நாளில் மூடப்பட்டது. 2002-இல்தான் மீண்டும் திறந்தார்கள். எங்களுடையது குட்டையான, கனமான கான்கிரீட் பாலம் என்பதால் கணக்கைக் காட்டி ஒரே நாளில் பதில் கொடுத்தோம்.

மூன்றாவது கடிதம்தான் வினையானது. வெள்ள மட்டத்துக்கும் பாலத்தின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி போதாது, தளத்தை 18 செ.மீ. உயர்த்த வேண்டும் என்றார்கள். வெள்ளத்தில் அடித்து வரும் மரக்கிளைகள் சிக்காமல் போக அந்த இடைவெளி அவசியம் என்பதால் உடனே வரைபடத்தைத் திருத்தி ஒப்புதலும் பெற்றோம். திருத்திய தாளை நடைபாதைப் பிரிவுக்கு எடுத்துச் சென்றபோது, "பாலம் எங்கள் பிரிவில் வராது, உங்கள் பிரிவு வழியாக அனுப்புங்கள்" என்று வாங்க மறுத்துவிட்டார்கள். எங்கள் பிரிவு அனுப்பியிருக்கும் என்று நானும் நம்பினேன். யாரும் அனுப்பவில்லை.

கான்கிரீட்டைத் தாங்கிய சென்டரிங்கைப் பிரித்த மறுநாள், மட்டம் பார்க்கும் கருவியான ஆட்டோ லெவலை வைத்துப் பார்த்தேன். தளத்தின் விளிம்பில் ஸ்டாஃப் (நிறுத்திப் படிக்கும் அளவுகோல்) 1.245 மீட்டர் காட்டியது, அதை ஒட்டி ஒப்பந்ததாரர் ஏற்கெனவே போட்டு முடித்திருந்த பாதையில் 1.425. எண் கூடினால் இடம் தாழ்வு என்று பொருள். சரியாக 18 செ.மீ. நடப்பவர்களுக்கு அது தடுக்கி விழவைக்கும் ஒரு படி. சக்கர நாற்காலியில் வருபவருக்கோ பாலமே இல்லாததற்குச் சமம். தாளைப் பிடிவாதமாகக் கொடுத்துவிட்டு வராத கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மறுகரையில் பாதை இன்னும் போடப்படாததால் அங்கே மட்டத்தை மாற்றுவது எளிதாக இருந்தது. இந்தக் கரையில் 20-க்கு 1 என்ற சரிவில் ஏற 3.6 மீட்டர் தேவைப்பட்டது. அத்தனை நீளத்துக்கும் புதிய பாதையை உடைத்து, இருபுறமும் தாங்குசுவர் எழுப்பி, கைப்பிடியையும் அதே அளவுக்கு நீட்டினோம். கூடுதல் வேலைக்கான ஒப்புதலுக்குத்தான் மீதி நாட்கள் போயின. இந்த முறை இரு பிரிவுகளிலும் நகலைக் கொடுத்து, தேதியுடன் கையொப்பம் வாங்கிய பிறகே அலுவலகத்தை விட்டு வெளியே வந்தேன். திருத்த எண்ணைத் தாளின் மேல் சிவப்பு மையில் எழுதிக் கொடுப்பதும் உதவுகிறது. பழைய தாளோடு கலந்துவிடாது.

கடைசி அளவீட்டின்போது மேஸ்திரி ஸ்டாஃபைப் பிடிக்க, தளத்தில் 1.310, பாதையில் 1.312 என்று படித்தேன். 2 மில்லிமீட்டர். இரண்டையும் அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையொப்பமிட்டேன்.