ஹார்டு டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முன்

சென்ற மாதம் என் கணினியில் இருந்த 2 டெராபைட் ஹார்டு டிஸ்க், பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது பாதியில் உறைந்து நின்று, சில நொடிகள் கழித்துத் தானாகவே தொடரத் தொடங்கியது. பழுது பார்க்கும் கடையில் டிஸ்க்கின் ஆயுள் முடிந்துவிட்டது என்றார்கள். அப்பாவின் கடைசிக் காலப் புகைப்படங்கள் அதில் இருந்ததால், எல்லாவற்றையும் முதலில் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துக்கொண்டேன்.

பிறகு, டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவு செய்துவைக்கும் ஸ்மார்ட் (SMART) அறிக்கையைப் பார்த்தேன். தகவல் பதியும் சிறு பகுதிகளான செக்டர்களில் பழுதானவற்றைக் காட்டும் 5, 197 ஆகிய எண்களுக்கு நேராகப் பூஜ்யமே இருந்தது, சி.ஆர்.சி. என்ற தகவல் சரிபார்ப்பில் தெரியும் பிழைகளைக் கணக்கிடும் 199ஆம் எண் மட்டும் 412 என்று நின்றது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே செல்லும் தகவல் வழியில் சிதைந்து, சரிபார்ப்பில் பொருந்தாமல் போகும்போதுதான் இந்த எண் ஏறும். அந்தத் தகவல் மீண்டும் அனுப்பப்படுவதால்தான் அந்தத் தடுமாற்றம். ஆகவே சந்தேகம் முதலில் கேபிள் மீதுதான் விழ வேண்டும்.

கேபினட்டைத் திறந்தேன். டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள் பக்கத் தகட்டில் இடிபட்டு, டிஸ்க்கை ஒட்டியே செங்குத்தாக மடிந்திருந்தது. உலோகக் கொக்கி இல்லாத அதன் கனெக்டர், விரலால் தொட்டாலே ஆடியது. 7 முனைகள் கொண்ட இந்தக் கேபிளில், தகவலைச் சுமக்கும் இரண்டு கம்பி இணைகள் வழியாக நொடிக்கு 6 கிகாபிட் வரை பாய்கிறது என்பதை நினைத்தால், ஒரு மடிப்பும் ஒரு தளர்வும் எவ்வளவு பாதிக்கும் என்பது விளங்கும். சாட்டாவுக்கு முன்பு இருந்த ஐ.டி.ஈ. பட்டைக் கேபிளிலும், வேகம் நொடிக்கு 66 மெகாபைட்டை எட்டியபோது, 40 கம்பிகளுக்கு இடையே மேலும் 40 எர்த் கம்பிகளைச் சேர்த்துத்தான் ஒன்றின் சமிக்ஞை மற்றொன்றில் கலப்பதைக் குறைத்தார்கள்.

மின் இணைப்பிலும் கவனம் வேண்டும். பழைய வகை மின் கனெக்டரான மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டர்களில், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகையை நான் தொடுவதில்லை. உள்ளே கம்பிகள் நகர்ந்து 12 வோல்ட்டும் எர்த்தும் ஒட்டிக்கொண்டால் கனெக்டரே எரிந்துவிடும்.

கொக்கியுள்ள புதிய கேபிளை, மடிக்காமல் தாராளமாக வளைத்து மாட்டினேன். 199ஆம் எண் ஏறுமே தவிர இறங்காது என்பதால், 412 என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு தினமும் ஒப்பிட்டேன். மூன்று வாரங்களாகியும் அது 412ஆகவே இருக்கிறது.