94-இல் நின்ற சர்வர்

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போய், இரண்டேகால் மணிக்குத் திரும்பி வந்தது. யுபிஎஸ் அவ்வளவு நேரம் தாங்கவில்லை. மில் ஆபீஸ் சர்வர் அதற்குப் பிறகு எழவில்லை என்று போன். நான் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. விசிறிகள் முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தன. திரை இருட்டு. நைட் ஷிப்ட் பார்க்கும் தம்பி அதற்குள் ரேமை இரண்டு தடவை கழற்றித் துடைத்து மாட்டியிருந்தார்.

"ரேம்தான் சார் போயிருக்கும். டிஸ்ப்ளேவே வரலையே."

மூடியைத் திறந்து பார்த்தேன். மதர்போர்டின் ஓரத்தில் சிவப்பாக இரண்டு இலக்கம்: 94.

எனக்கு அங்கேயே பாதிக் கவலை போய்விட்டது. பவர் கொடுத்ததும் ஃபர்ம்வேர், அதாவது மதர்போர்டிலேயே பதிந்திருந்து கம்ப்யூட்டரை எழுப்பும் மென்பொருள், ஒவ்வொரு கட்டத்தில் நுழையும்போதும் அந்தக் கட்டத்தின் எண்ணை 80 என்ற போர்ட்டில் (உள் முகவரியில்) எழுதிக்கொண்டே போகும். 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி காலத்துப் பழக்கம், இன்னும் விட்டுப்போகவில்லை. எந்த எண்ணில் நிற்கிறதோ, அந்த வேலையில் நுழைந்து வெளியே வர முடியவில்லை என்று அர்த்தம். அதற்கு முந்தையவற்றைத் தாண்டிவிட்டது என்றும் அர்த்தம். நாம் இந்த இரண்டாவதைத்தான் மறந்துவிடுகிறோம்.

அந்த போர்டில் இருப்பது ஏஎம்ஐ கம்பெனியின் ஆப்டியோ என்ற ஃபர்ம்வேர். அதில் ரேமைத் தயார்செய்யும் வேலை 2பி முதல் 2எஃப் வரை (எழுத்தும் கலந்து வரும் ஹெக்ஸ் எண்கள் இவை). ரேமே இல்லாவிட்டால் 55-இல் நிற்கும். 94 என்பது பிசிஐ பஸ்ஸில், அதாவது கார்டுகளை போர்டோடு இணைக்கும் தடத்தில், என்னென்ன கார்டு இருக்கிறது என்று எண்ணும் இடம். ஆக, ரேமைத் தாண்டிவிட்டது. திரையை இணைப்பது அதற்கும் பிறகு, 97-இல். திரை ஏன் இருட்டாக இருந்தது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனால் இதே எண்ணுக்கு வேறு கம்பெனி ஃபர்ம்வேரில் வேறு பொருள் இருக்கும். அந்தந்த போர்டின் மேனுவலைத்தான் நம்ப வேண்டும்.

அப்புறம் லேப்டாப்பிலிருந்து பிஎம்சி-க்குள் போனேன். அது சர்வருக்குள்ளேயே இருக்கும் தனிக் கம்ப்யூட்டர். பவர் கேபிள் சொருகியிருந்தால் போதும், சர்வர் எழாவிட்டாலும் அது விழித்திருக்கும். பிஎம்சி-யோடு பேசும் ஐபிஎம்ஐடூல் என்ற கட்டளையில் நிகழ்வுப் பதிவை எடுத்தால், 20:46-க்கு பிசிஐ பஸ்ஸில் ஃபேட்டல் எரர். ராத்திரி எட்டே முக்காலுக்கு சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருந்ததே என்று தம்பி குழம்பினார். பிஎம்சி கடிகாரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. ஐந்தரை மணி நேரம் கூட்டினால் 2:16, கரண்ட் வந்த கையோடு.

கேபிளை உருவிவிட்டு, ரைசரில் (கார்டு மாட்டும் துணைப் பலகையில்) இருந்த கூடுதல் நெட்வொர்க் கார்டைக் கழற்றி, மறுபடி ஆன் செய்தோம். ரேமைக் கழற்றி மாட்டியிருந்ததால் அதை முதலிலிருந்து அளந்து பழக்கிக்கொள்ள நேரம் எடுத்தது. ரேம் அதிகமுள்ள சர்வரில் இதற்குச் சில நிமிடங்கள் ஆகும். தம்பியின் கை பவர் பொத்தானை நோக்கிப் போனது. "கொஞ்சம் பொறுங்க தம்பி, எண் மாறுதா பாருங்க" என்றேன். மாறியது. 94-ஐத் தாண்டியது, 97-ஐத் தாண்டியது, திரையில் வெளிச்சம் வந்தது.

அந்தக் கார்டை ஞாயிறு மதியம் வேறு ஸ்லாட்டில் போட்டுப் பார்த்தேன். மறுபடி 94. இப்போது அந்த போர்டின் கோடு அட்டவணையை அச்செடுத்து ரேக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம். 94-க்கு நேரே தம்பி பேனாவால் தேதி எழுதி வைத்திருக்கிறார்.