நிறைஞ்சா எங்க போகும்?

"மணி நிறைஞ்சா அது எங்க போகுங் சார்?"

பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் குரோமிய முலாம் பூசும் அந்த பிளேட்டிங் யூனிட்டின் ஈடிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு) ஆபரேட்டர் கேட்டது இவ்வளவுதான். அவர்களுடைய கழிவுநீரில் குரோமியத்தைப் பிடிக்க, சிறு உருண்டை மணிகள் நிரப்பிய ஒரு குழாயை வைக்கலாம் என்று நான் சொல்லியிருந்தேன். முதலாளியும் பக்கத்தில் நின்றிருந்தார்.

நான் சொன்ன பதிலில் பிழை கிடையாது. இறால் ஓட்டிலிருந்து எடுத்த கைட்டோசான் மணி அது. கொச்சி பக்கத்திலிருக்கும்போது ஓட்டுக்கா பஞ்சம்? வெறும் கைட்டோசான் அமிலத்தில் கரைந்துவிடும் என்று குளூட்டரால்டிஹைடு போட்டுப் பிணைத்திருந்தோம். அமிலத் தண்ணீரில் அதன் அமினோ தொகுதிகள் குரோமேட்டை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் குரோமியத்தை, பிடித்துக்கொள்ளும். நிறைந்ததும் காஸ்டிக் சோடா கரைசல் விட்டால் கக்கிவிடும், மணியைத் திரும்பப் போடலாம். இதைத்தான் சொன்னேன்.

"அப்ப அந்தக் காஸ்டிக் தண்ணி?"

"கொஞ்சமா, கெட்டியா வருங்ணா. அதுக்கு மட்டும் பைசல்பைட் போட்டு..."

"அதைத்தானுங்களே இப்பவும் பண்றோம்."

அவர் சிரிக்கவில்லை, முதலாளி சிரித்துவிட்டார். திட்டம் அன்றோடு சரி.

ஆபரேட்டர் சொன்னது முழுக்கச் சரியுமில்லை. உலோகம் எந்த முறையிலும் அழியாது, இடம்தான் மாறும். பைசல்பைட் குரோமியத்தின் நச்சைக் குறைக்கும், சுண்ணாம்பு அதைப் படிய வைக்கும்; அது ஸ்லட்ஜாகி (சேறாகி) மூட்டையில் கொச்சி பக்கம் அம்பலமேட்டில் இருக்கும் அபாயக் கழிவுக் கிடங்குக்கு லாரி ஏறுகிறது. நான் கேட்டது பழைய முறையை எடுக்கச் சொல்லி அல்ல. ஆற்றுக்கு விடும் தண்ணீரில் ஆறிணைதிறக் குரோமியம் (குரோமேட்டில் இருக்கும் நச்சு வடிவம்) லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் தாண்டக்கூடாது. இரவு ஷிப்டில் பைசல்பைட் டோசிங் தவறினால் அதைத் தாங்க மணிக் குழாய் ஒன்று இருக்கட்டும் என்றுதான். இதை அங்கேயே சொல்லியும் காதில் ஏறவில்லை.

ஆனால் இதையும் எழுதியாக வேண்டும். லேபில் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலை விட்டபோது, மணிகளில் குரோமேட்டின் நிறப் பட்டை மேலிருந்து நிதானமாக இறங்கியது. யூனிட் தண்ணீரில் அதே பட்டை சரசரவென்று இறங்கிவிட்டது, அதாவது மணி சீக்கிரமே நிறைந்துவிட்டது. காரணம் சல்பேட். அதே அமினோ இருக்கைக்கு அதுவும் போட்டி. பைசல்பைட் போட்ட தண்ணீரில் சல்பேட்டுக்கா குறை? சுண்ணாம்புக்குப் பிறகு குழாயை வைக்கலாமென்றால் பிஎச் ஏறிவிடும், மணி பிடிக்காது. மறுபடி அமிலம் ஊற்ற வேண்டும்.

ஆக, அந்த அண்ணா இதையெல்லாம் தெரிந்து கேட்டாரா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். தினம் ஸ்லட்ஜ் அள்ளுகிறவருக்கு வரும் இயல்பான கேள்வி. அதற்கு முதலாளி சிரித்ததுதான் இன்னும் உறுத்துகிறது. அவருக்குச் செலவை மறுக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது, கிடைத்தது. இன்னும் பத்து நிமிடம் வாதாடியிருக்கலாமோ என்று சில நாள் தோன்றும். வாதாடியிருந்தால் சல்பேட் கதையையும் நானே சொல்லியிருக்க வேண்டும்.